இருபது சாம்பிள் சேரட்டும்

நித்யா போனில் கேட்டது பத்தே வரி. லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம், திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்கள் எல்லாரும் ஆளுக்குப் பத்து வரி எழுதித் தருகிறார்களாம். "சிரிக்கிற மாதிரி எதுனா எழுதிக் குடுங்கக்கா, நீங்க பேசினாலே சிரிப்பா இருக்கும்" என்றாள். எனக்குப் பின்னால் பயோகெமிஸ்ட்ரி பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். மெஷினைப் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று, ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாகத் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிச் சிதம்பரம் போனேன்.

மெஷின் ஆள் உயரத்துக்கு இருந்தது. நித்யா அதன் மூடியைத் திறந்து காட்டி, எதெது எங்கே போகிறது என்று விளக்கினாள். "ஜி.ஏ.டி. ஆன்டிபாடிகூட இதுலயே வந்துடுதுக்கா. ஒரு மணி நேரம்கூட ஆவாது" என்றாள். எத்தனை சேர்ந்தால் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. இன்னொரு தடவை கேட்டதும் சிரித்தாள். "என்னாக்கா சேர்றது? ஒண்ணு வந்தா ஒண்ணு ஓட்டுவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். வெயிலில் வந்த களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எனவே நித்யா, இது பத்து வரியில் அடங்காது. சிரிக்கவும் முடியாது. மலரில் போட முடியாவிட்டால் போட வேண்டாம், வருத்தப்பட மாட்டேன். ஆனால் நீயும் உன்னுடன் இருக்கிற பிள்ளைகளும் படித்துவிட வேண்டும்.

நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தபோது, எங்கள் தெருவில் அந்த வேலை என்ன என்றே யாருக்கும் தெரியாது. கோயிலுக்குப் போனால், அதாவது எங்கள் சர்ச்சுக்கு, "நம்ம ஜெயசீலி நர்ஸா இருக்கா" என்றுதான் அம்மா சொல்லிக்கொள்வாள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். முதல் இரண்டு வருடம் கடலூரில் ஒரு சின்ன லேபில் இரத்தம் எடுத்தேன், சிறுநீர் பார்த்தேன், தரையும் கூட்டினேன். அதன் பிறகு சிதம்பரத்தில் இந்த வேலை கிடைத்தது. காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். ரயில் தாமதமானால் பேருந்து. இப்படியே முப்பது வருடத்துக்குப் பக்கம் ஓடிவிட்டது.

காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருகிறவர்களோடுதான் என் நாள் தொடங்கும். எதுவும் சாப்பிடவில்லையே என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார்கள். காபி குடித்தீர்களா என்றால், "காபி மட்டும்தாம்மா" என்பார்கள். சர்க்கரை போட்டா என்றால், "ஜாஸ்தி போடல" என்பார்கள். நான் கத்துவேன். கத்திவிட்டு மறுநாள் வரச் சொல்வேன். என் வாய்க்குப் பயந்து மறுநாள் வராமல் போனவர்களும் உண்டு. வாய் எனக்கு எப்போதுமே ஒரு விரற்கடை நீளம்தான். அந்த வாய் செய்த காரியத்தைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

எங்கள் லேபுக்குத் தலைவர் கமாலுத்தீன் சார். பரங்கிப்பேட்டைக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வெளிநாடு போய்விட, இவர் மட்டும் பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஊர்ப்பக்கமே இருந்துவிட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கோட்டின் ஓரத்தில் நெடுநேரம் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் லேபில் இருக்கிற அத்தனை பேரும் அவரவர் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் என்னை ஒரு மனிதரின் இரத்தத்தைத் தொட விடவில்லை. பைப்பெட்டால் தண்ணீரை எடுத்து எடைத்தட்டில் விடச் சொன்னார். எடையைக் குறி என்றார். பத்து தடவை. பத்தும் ஒரே எடையாக வர வேண்டும். எனக்கு ஏழாவதில் பிசகியது. "மறுபடி, ஜெயசீலிம்மா" என்றார். ஒரு வாரம் தண்ணீரையே எடை போட்டேன். வீட்டில் வந்து அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு என் கை பிசகியதில்லை, அதை என்னால் யார் முன்னாலும் சொல்ல முடியும்.

சாருடைய இரண்டு சட்டங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று கவுன்டரைப் பற்றியது. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். கவரைப் பிரித்து நம் முன்னாலேயே நீட்டி, நல்லா இருக்கா என்று கேட்பார்கள். பதில் சொல்லக் கூடாது. "எண்ணைக் குடு, அர்த்தத்தைக் குடுக்காதம்மா. அது டாக்டர் வேலை" என்பார் சார். நான் அதைப் பாதிதான் கேட்டேன். மூன்று மணி நேரம் பேருந்தில் வந்து நிற்கிற ஒரு பெண், நல்லா இருக்கா என்று கேட்டால், உம்மென்று மூஞ்சியை வைத்துக்கொண்டு டாக்டரைக் கேள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்கிற ஆசையும் அதில் கொஞ்சம் இருந்திருக்கிறது.

இரண்டாவது சட்டம் ஃப்ரீசரைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த டெஸ்ட்டைச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயில் பெரும்பாலானவர்களுக்கு இன்சுலின் சுரக்கும், போதாது, அல்லது உடம்பு அதற்குக் கட்டுப்படாது. மாத்திரையில் ஓட்டலாம். சிலருக்கு அப்படி இல்லை. கிருமியைக் கொல்ல வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழி தவறி, இன்சுலின் சுரக்கிற செல்களையே எதிரி என்று நினைத்து அழிக்கத் தொடங்கிவிடும். அழித்து முடித்தால் சொந்தச் சுரப்பு பூஜ்யம். ஊசி இல்லாமல் உயிர் தங்காது. அழிவு நடக்கிறதா என்பதை இரத்தத்தில் இருக்கிற ஆன்டிபாடி காட்டிக்கொடுக்கும். அதில் முக்கியமானதுதான் ஜி.ஏ.டி.

அந்தக் காலத்தில் அதைத் தட்டில் செய்தோம். தொண்ணூற்றாறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற, அளவு தெரிந்த திரவங்களுக்கென்றே ஏழெட்டுக் குழி போய்விடும். ஒரு ஆளுக்காகத் தட்டைத் திறந்தாலும் அத்தனையும் போகும், இருபது பேருக்காகத் திறந்தாலும் அவ்வளவுதான் போகும். தட்டும் திரவங்களும் சேர்ந்து வருகிற கிட்டைத் திறந்துவிட்டால் அது ரொம்ப நாள் தாங்காது. முதல் கிட்டை வாங்கி நாலு பேருக்கு ஓட்டினோம், மிச்சம் காலாவதியாகிக் குப்பைக்குப் போனது. நிர்வாகம் சாரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. திரும்பி வந்த சார், பதிவு நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: குறைந்தது இருபது. வருகிற சாம்பிளில் சீரத்தைப் பிரித்து, பெயர் ஒட்டி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். இருபது சேர்ந்ததும் ஒரே நாளில் ஓட்ட வேண்டும். ஃப்ரீசரில் ஆன்டிபாடி கெட்டுப்போகாது. அதில் ஒரு தப்பும் இல்லை. சின்ன ஊர் லேபுகள் எல்லாமே அப்படித்தான் செய்தன. சேரட்டும், சேரட்டும் என்று நாங்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வோம்.

சாம்பிள் கெட்டுப்போகாது. ஆள்?

அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பவித்ரா வந்தது ஒரு சித்திரை மாசக் காலை. கிள்ளையிலிருந்து அப்பாவுடன் வந்தாள். இருபத்திரண்டு வயது, பி.காம். முடித்துவிட்டு ஒரு செல்போன் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லி. காலர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ இறங்கிவிட்டாள் என்று அவள் அப்பா சொன்னார். அவர் பெயர் குணசேகரன். ஃபைபர் படகுகளின் இன்ஜினைப் பழுது பார்க்கிறவர், கையைக் கழுவினாலும் நகத்தில் கிரீஸ் போகாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்ததால், டாக்டரம்மா உடனே ஊசி போடத் தொடங்கியிருந்தார். இது எந்த வகை என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள இரண்டு டெஸ்ட் எழுதியிருந்தார். ஒன்று சி-பெப்டைட், இன்னொன்று ஜி.ஏ.டி. ஆன்டிபாடி. இரண்டும் வரட்டும், அதுவரை ஒரு வேளை ஊசியைக்கூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பவித்ரா என் முன்னால் கையை நீட்டிவிட்டு, காபிகூடக் குடிக்கவில்லை என்று நான் கேட்காமலே சொன்னாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. வலது கையில் நரம்பு கிடைக்கவில்லை. இடது கையில் எடுத்தேன். குழாயை ஐஸ் டப்பாவில் வைத்தேன். இவ்வளவு பத்திரமா எதுக்கு என்று கேட்டாள். இன்சுலினை உடம்பு செய்யும்போது கூடவே ஒரு துண்டு கழன்று வரும், அதுதான் சி-பெப்டைட், அது சூட்டில் கெட்டுவிடும் என்றேன். ஊசி மருந்தில் அந்தத் துண்டு கிடையாது, அதனால் உன் உடம்பு தானாக எவ்வளவு சுரக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம் என்றேன். "அப்ப அது இருந்தா ஊசி வேணாமா?" என்று கேட்டாள். அதெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று அப்போது ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அதுதான் விஷயம். அவள் பாத்ரூம் போயிருந்தபோது குணசேகரன் என்னிடம் சொன்னார். ஊசி போடுகிற பெண் என்று தெரிந்தால் கைநழுவிப் போய்விடும், மாத்திரை என்றால் சமாளித்துக்கொள்ளலாம், அந்த ஆன்டிபாடி ரிசல்ட்டை வைத்துத்தான் ஊசி ஆயுசுக்குமா இல்லையா என்று தெரியுமாம், எப்ப மேடம் வரும் என்றார். ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். நோட்டில் அவள் பெயர் ஏழாவது.

சி-பெப்டைட் அன்றைக்கே முடிந்துவிட்டது. சாயங்காலம் குணசேகரன் மட்டும் ரிப்போர்ட் வாங்க வந்தார். சாதாரண அளவின் அடிமட்டத்தில், கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது எண். அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவள் சர்க்கரை இருநூற்று நாற்பது. அவ்வளவு சர்க்கரை இருக்கும்போது நல்ல உடம்பு அடித்துப் பிடித்துக்கொண்டு சுரக்கும். அந்த நிலையில் கோட்டைத் தொட்டு நிற்கிற எண், கடைசிச் செல்கள் மூச்சு வாங்குகிற எண். ஆனால் காகிதத்தில் அது அளவுக்குள்தானே இருக்கிறது? மெஷின் அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடவில்லை.

கவரைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். "மேடம், எனக்கு இன்ஜின் பாஷைதான் தெரியும். பம்பு ஓடுதா ஓடலியா, அத மட்டும் சொல்லுங்க."

சார் உள்ளே இருந்தார். சாயங்கால ரயிலுக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன்.

"சுரக்குதுங்கண்ணா. கொஞ்சம் சுரக்குது" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டார். கொஞ்சம் என்ற சொல் அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்திருந்தாலும் இன்ஜின்காரருக்கு அது நல்ல செய்திதான். கொஞ்சம் ஓடுகிற பம்பைச் சரி செய்துவிடலாம். அன்றைக்கு ரயிலில் நான் சந்தோஷமாகவே வந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வாரம் வந்தார். இன்னும் ஆகவில்லை என்றேன். நோட்டில் எட்டுப் பேர். மூன்றாவது வாரம் போன் செய்தார். ஒன்பது பேர். ஜி.ஏ.டி. எழுதுகிற டாக்டர்களே இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர்தான், இருபது சேர மூன்று மாதம்கூட ஆகும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்லவில்லை. "பிராசஸ்ல இருக்கு" என்றேன். நாம் எல்லாரும் சொல்கிறோமே, அந்த வார்த்தை. சாம்பிள் ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்தது, ஒரு பிராசஸும் நடக்கவில்லை.

நாலாவது வாரம் நேரில் வந்து, மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதற்குள் தெரிந்தால் தேவலை என்று கெஞ்சினார். நான் உள்ளே போய்ச் சாரிடம் சொன்னேன். எத்தனை சேர்ந்திருக்கிறது என்றார். பதினொன்று என்றேன். "சேரட்டும்மா. ஊசிதான் போட்டுக்கிட்டிருக்காங்களே, அவசரமில்ல" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அவசரம் இல்லை. ஆனால் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினால் நாலு நாளில் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். "சார், இதை மட்டும் வெளிய அனுப்பிடலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளியே அனுப்புவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். சிதம்பரத்தில் இந்த டெஸ்ட் செய்கிற ஒரே லேப் நாங்கள்தான் என்று மார்தட்டிக்கொண்டிருந்தோம். நான் கேட்கவில்லை. வெளியே வந்து, அடுத்த வாரம் வந்துவிடும் என்று அவரை அனுப்பி வைத்தேன்.

ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்து சாம்பிள் வந்தது. சர்க்கரையை ஓட்டினேன். மெஷின் எண் கொடுக்கவில்லை, அளவுக்கு மேல் என்று காட்டியது. சாம்பிளை நீர்க்க வைத்து ஓட்டினேன். எழுநூற்றுச் சொச்சம். கீட்டோன் பார்க்கிற பட்டையை நனைத்ததும் கரு ஊதாவாகப் போனது. பைகார்பனேட் ஐந்துகூட இல்லை. இரத்தம் அமிலமாகிவிட்டது என்று அர்த்தம். இந்த மாதிரி எண் வந்தால் ரிப்போர்ட் அடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே போன் செய்ய வேண்டும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருடையது என்று சொல்வதற்காகப் பெயரைப் பார்த்தேன். பவித்ரா, 22, கிள்ளை.

எண்களை வாசித்தேன். எதிர்முனையில் இருந்த நர்ஸ் திருப்பி வாசித்தாள். சரி என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு, எண்களையும் போன் செய்த நேரத்தையும் நோட்டில் குறித்தேன்.

மூன்று மணிக்கு இறந்துவிட்டாள்.

நடந்தது என்ன என்று டாக்டரம்மா சாருக்குப் போன் செய்து சொன்னார். நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் அத்தைகள் இரண்டு பேர் முன்கூட்டியே வந்து வீட்டில் தங்கிவிட்டார்கள். ஊசியும் மருந்துக் குப்பியும் கண்ணில் படக் கூடாதென்று பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போயின. அதுதான் சுரக்கிறதே, நாலைந்து நாள்தானே என்று நிறுத்தியிருக்கிறார்கள். நிச்சயத்தன்று மணையில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு வயிற்றைப் புரட்டியிருக்கிறது. பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் மூச்சு வாங்கியது, அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கடைசியாக டாக்டரம்மா கேட்டாராம்: "உங்க லேப்ல யாரோ சுரக்குதுன்னு சொன்னாங்களாமே சார், யாரு அது?"

சார் அதை லேபின் நடுவில் நின்று அப்படியே சொன்னார். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நான்தான் என்றேன். கண்ணாடியைக் கழற்றுவார் என்று பார்த்தேன். கழற்றவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எதிரில் உட்கார வைத்தார். பிறகு, "பாதி உன் வாய், பாதி என் ஃப்ரீசர். ரெண்டு பேரும் சேர்ந்துதாம்மா செஞ்சிருக்கோம்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் பதினொரு சாம்பிளையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். பனி உருக உருகப் பெயர் தெரிந்தது. அன்றைக்கு அவரே பைப்பெட்டை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று வரிசை எண்ணைப் படித்தேன். சீரத்தை விட்டு, ஊற வைத்து, கழுவி, அடுத்த திரவத்தை விட்டு, மறுபடி கழுவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் கடிகாரம் பார்த்து எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில் நிறம் வருகிற திரவம். ஆன்டிபாடி இல்லாத குழி தண்ணீராகவே இருக்கும், இருக்கிற குழி நீலமாகும். நிறுத்துகிற அமிலத்தை விட்டால் நீலம் மஞ்சளாகும். எத்தனை அழுத்தமான மஞ்சளோ அத்தனை ஆன்டிபாடி. ஏழாவது சாம்பிளின் குழியைப் படிப்பதற்கு மெஷினே வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் கிழங்கை அரைத்து விட்ட மாதிரி இருந்தது. சார் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் உதடு அசைந்தது. துஆ ஓதினார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த இருபதை ரப்பரால் அழித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார். அது நாலு மாதம்கூட நிலைக்கவில்லை. நிர்வாகம் பத்து என்றது. சார், அப்படியானால் இந்த டெஸ்ட்டே இங்கே வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பத் தொடங்கினார். ஒரே லேப் என்ற மார்தட்டல் அத்தோடு போனது. நித்யா, நீ வேலையில் சேர்ந்தபோது நாம் ஏன் ஜி.ஏ.டி. செய்வதில்லை என்று கேட்டாய். கிட் கட்டுப்படியாகவில்லை என்று நான் சொன்னேன். உன்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஆனால் அந்த நாலு மாதத்துக்குள்தான் குணசேகரன் திரும்பி வந்தார். காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மழித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. சின்ன மகளின் கையைப் பிடித்திருந்தார். ஹரிணி, பதிமூன்று வயது. அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், எதற்கும் ஆன்டிபாடி பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் வழக்கம்போல, "நல்லாருக்கீங்களா மேடம்" என்றார். குழந்தையின் கையைப் பிடித்து நரம்பைத் தேடினேன். அக்காவைப் போலவே இவளுக்கும் இடது கையில்தான் கிடைத்தது.

சாரிடம் போய்ச் சொன்னேன். ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது, இன்றைக்கே ஓட்டு என்றார். ஒரே ஒரு ஆளின் சீரத்துக்காகப் புதுக் கிட்டைப் பிரித்தேன். அளவு தெரிந்த திரவங்களுக்கு ஏழெட்டுக் குழி, ஹரிணிக்கு இரண்டு குழி, ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்துவிடலாம் என்று. என் கை பைப்பெட்டை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டு, மூன்றாவது தடவைதான் சீரத்தை விட்டது. தண்ணீரை எடை போட்ட கை. நிறம் வருகிற திரவத்தை விட்டுவிட்டுப் பதினைந்து நிமிஷம் அந்தத் தட்டின் முன்னால் நின்றேன். மாதாவே, மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு குழியும் தண்ணீராகவே இருந்தன. அமிலத்தை விட்ட பிறகும் நிறமே இல்லை.

மறுநாள் காலை ரிப்போர்ட் வாங்க இருவரும் வந்தார்கள். கவுன்டரில் நான்தான் இருந்தேன். வேறு யாரையாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கவரைப் பிரித்து என்னிடம் நீட்டவில்லை அவர். கையில் வைத்துக்கொண்டே, இதை டாக்டரம்மாவிடம்தான் காட்ட வேண்டும் இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. அவரே எண்ணைப் படிக்கட்டும் என்று கவரை நானே பிரித்து, நெகட்டிவ் என்று அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவர் படித்தார். ஹரிணியின் தலையில் கையை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

கிளம்பத் திரும்பினவர், காகிதத்தின் மேல் பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பிள் எடுத்த தேதியும் ரிப்போர்ட் தேதியும் அங்கேதான் இருக்கும்.

"நேத்து குடுத்தது இன்னிக்கே வந்துடுச்சே மேடம்" என்றார். "பெரியவளுக்கு மட்டும் ஏன் அஞ்சு வாரம் ஆச்சு?"

மெஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். கிட் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், நாக்குத் தயாராகத்தான் இருந்தது.

"அப்ப ஆள் சேரலைங்கண்ணா" என்றேன். "இருபது பேரு சேர்ந்தாத்தான் ஓட்டுவோம். அன்னிக்கு வரைக்கும் பதினோரு பேருதான் இருந்தாங்க."

ஹரிணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, போலாம்ப்பா என்றாள்.

"ஒம்போது பேருதானே மேடம் கொறஞ்சாங்க" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கிள்ளையில இருந்து நான் கூட்டியாந்திருப்பேனே."

கோபமாகச் சொல்லவில்லை. யார் யாரைக் கூப்பிட்டிருக்கலாம் என்று அந்த நிமிஷமே ஆள் ஆளாக எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி, வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.